மீட்டருக்குள் அடித்த வெள்ளை: பழைய காரின் மங்கிய டாஷ்போர்டை மீட்பது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பது இது. 1960களின் கார் ஒன்றில் ஸ்பீடோமீட்டரைக் கழற்றித் திறந்திருக்கிறீர்கள். கூட்டின் உள்பக்கம் கம்பெனியில் அடித்த வெள்ளைப் பெயிண்ட் மஞ்சளாகப் பழுத்து, செதில் செதிலாக உதிர்கிறது. அதைச் சுரண்டிவிட்டுச் சில்வர் ஸ்ப்ரே அடித்தால் கண்ணாடி மாதிரி மின்னி வெளிச்சம் கூடுமா, இல்லை பழையபடி வெள்ளையே அடிக்க வேண்டுமா, எந்த வகைப் பெயிண்ட் வாங்குவது? கேள்வி பெயிண்டைப் பற்றியதாகத் தெரிந்தாலும், கடைசி வரியில் “ராத்திரி ஓட்டும்போது முள் எங்கே நிற்கிறது என்றே தெரியவில்லை” என்று எழுதியிருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அதுதான். பழைய வண்டிகளின் மீட்டர்களைப் பிரித்துச் சரிசெய்வது பல வருடங்களாக என் வேலை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு வரியில் பதில் வேண்டுமென்றால்: வெள்ளை அடியுங்கள், சில்வர் வேண்டாம். ஆனால் அடிப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன.

முதலில் பாதுகாப்பு. கூடு ஏற்கெனவே திறந்திருப்பதால் இதைத் தள்ளிப்போட முடியாது. டயலின் எண்களிலோ முள்ளின் நுனியிலோ தடிப்பாக, மணல் மணலாக, பழுப்பு அல்லது அழுக்கு மஞ்சள் நிறத்தில் ஏதாவது பூசியிருக்கிறதா என்று தொடாமல் பாருங்கள். இருந்தால் அது ரேடியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த ஒளிரும் பெயிண்டாக இருக்கலாம். விளக்கை அணைத்தால் ஒளிரவில்லையே என்று நம்பிவிடக் கூடாது. ஒளியைத் தருவது அதிலுள்ள துத்தநாக சல்பைடு; கதிர்வீச்சு பட்டுப் பட்டு அது சில வருடங்களிலேயே செத்துவிடும். ரேடியம்-226 அப்படி இல்லை, அது பாதியாகக் குறையவே சுமார் 1,600 வருடங்கள் ஆகும். 1920களில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் இந்தப் பெயிண்டைத் தொட்டு டயல் எழுதிய இளம் பெண்கள், தூரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கும்படி பழக்கப்படுத்தப்பட்டு, தாடை எலும்பு அரித்து இறந்தார்கள். நியூஜெர்சியில் ஐந்து பெண்கள் தொடுத்த வழக்கு 1928-ல் சமரசத்தில் முடிந்தது. மூடிய மீட்டரைக் காரில் வைத்து ஓட்டுவது ஒன்று. திறந்து சுரண்டி அந்தத் தூளைச் சுவாசிப்பது முற்றிலும் வேறு. உங்கள் வண்டியின் காலத்தில் கார்களில் ரேடியம் அரிதாகிவிட்டது, எண்கள் தட்டையாக அச்சடித்தவையாக இருந்தால் கவலைக்குக் காரணம் மிகக் குறைவு. ஆனால் நிறத்தை மட்டும் வைத்து யாராலும் உறுதி சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. கதிர்வீச்சை அளக்கும் கைகர் கருவி வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அது துடித்தால் மீட்டரை மூடி, ஒரு பையில் போட்டு, அதற்கென்றே இருப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள். நானே அப்படிப்பட்ட டயல்களைத் தொடுவதில்லை.

அது இல்லை என்று ஆனபிறகு பெயிண்டுக்கு வருவோம். அந்தக் காலத்து மீட்டர்களில் பல்பு டயலைப் பார்த்து எரிவதில்லை. கூட்டின் பின்பக்கம் ஓர் ஓட்டையில் செருகியிருக்கும். வெளிச்சம் கூட்டின் சுவரில் பட்டு, டயலின் முதுகில் பட்டு, மறுபடி சுவரில் பட்டு, கடைசியில் டயலின் விளிம்பைச் சுற்றியுள்ள சின்ன இடைவெளி வழியாக முன்னால் வந்து எண்கள்மேல் விழும். ஆக உள்பக்கப் பெயிண்ட் என்பது அலங்காரமும் இல்லை, துருத் தடுப்பு மட்டும் இல்லை. அது விளக்கின் ஒரு பாகம். ஒளியை அளக்கும் ஆய்வகங்களில் பேரியம் சல்பேட் வெள்ளை பூசிய உள்ளீடற்ற கோளம் ஒன்றை வைத்திருப்பார்கள். ஒரு துளை வழியாக நுழையும் ஒளி சுவர்களில் மோதி மோதி எல்லாப் பக்கமும் சமமாகப் பரவிவிடும். உங்கள் ஸ்பீடோமீட்டர் கூடும் கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் செய்கிறது.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள், எல்லாம் புரிந்துவிடும். சுவர் தன்மேல் படும் ஒளியில் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து முறை மோதி வெளியே வந்தால் மிஞ்சுவது 59 சதவீதம். அதே சுவர் மஞ்சளாகி, தூசி படிந்து, 70 சதவீதத்தை மட்டும் திருப்பினால், ஐந்து மோதலுக்குப் பிறகு 17 சதவீதம்கூட இல்லை. கண்ணுக்குக் ‘கொஞ்சம் பழுத்த மாதிரி’ தெரிகிற பெயிண்ட், வெளிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தின்றுவிடுகிறது. எத்தனை முறை மோதும் என்பது ஒவ்வொரு கூட்டின் வடிவத்தையும் பொறுத்தது, அதனால் இந்த எண்ணை அப்படியே உங்கள் மீட்டருக்குப் பொருத்த வேண்டாம். ஆனால் ஒவ்வொரு மோதலிலும் போகும் சின்ன நஷ்டம் பெருகிக்கொண்டே போகும் என்பதில் சந்தேகமே இல்லை.

சில்வர் ஏன் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். பார்க்கப் பளபளப்பாக இருந்தாலும் அலுமினியத் தூள் கலந்த பெயிண்ட் பொதுவாக 60, 70 சதவீத ஒளியைத்தான் திருப்பும். நல்ல டைட்டானியம் டை ஆக்சைடு வெள்ளை 80, 90 வரை போகும். இன்னொரு குறையும் உண்டு: சில்வர் ஒளியை வெள்ளை அளவுக்குச் சிதறவிடாமல், ஓரளவு கண்ணாடி போல ஒரே திசையில் தள்ளும். வேலைக்கு வந்த புதிதில் ஒரு ஆர்பிஎம் மீட்டருக்குச் சில்வர் அடித்துப் பார்த்தேன். பல்புக்கு நேர் எதிரே ஓரிடம் பளிச்சென்று, அடுத்த பக்கம் இரண்டு எண்கள் இருட்டில். அதை மறுபடி உரித்து வெள்ளை அடித்த பிறகுதான் வட்டம் முழுக்க ஒரே சீராக வந்தது. அலுமினிய ஃபாயில் ஒட்டச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதிலும் இதே சிக்கல், கூடவே பிய்ந்து தொங்கினால் ஷார்ட் ஆகும் ஆபத்து. மேட் வெள்ளையா, கிளாஸ் வெள்ளையா என்று சிலர் மணிக்கணக்கில் வாதிடுவார்கள். அதில் பெரிய வித்தியாசம் கிடையாது, கிளாஸ் வெள்ளையும் பெரும்பாலான ஒளியைச் சிதறடித்துத்தான் அனுப்புகிறது. நான் இரண்டுக்கும் நடுவில் உள்ள சாட்டின் ரகத்தை எடுப்பேன், தூசி துடைக்க எளிது என்பதற்காக மட்டும்.

நீங்கள் பார்த்த மஞ்சள் முழுவதும் அழுக்கு இல்லை. எண்ணெய் அடிப்படையிலான பழைய எனாமல் பெயிண்டுகளுக்கு வெளிச்சம் படாத இடத்தில் மஞ்சளாகும் குணம் உண்டு. மூடிய கூட்டுக்குள் பல்பின் சூடும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே மறுபடி அதே வகை எனாமலை வாங்காதீர்கள். அக்ரிலிக் வெள்ளை அந்த விஷயத்தில் நன்றாக நிற்கும். என்ஜினுக்கு அடிக்கிற அதிசூட்டுப் பெயிண்ட் எல்லாம் தேவையில்லை, உள்ளே எரிவது இரண்டு வாட்டை ஒட்டிய சின்ன பல்புதான்.

பெயிண்ட் வாங்குவதற்கு முன்னால் பழைய நிறத்தைத் தேடிப் பாருங்கள். எல்லா மீட்டருக்குள்ளும் வெள்ளைதான் இருந்தது என்று சொல்ல முடியாது. ஸ்மித்ஸ் போன்ற பிரிட்டிஷ் கருவிகளைத் திறக்கும்போது வெளிர் நீலமோ பச்சை கலந்த நீலமோ அடித்த கூடுகளையும் பார்க்கிறோம். சிலவற்றில் கூடு வெள்ளையாக இருக்கும், ஒளி வரும் வழியில் ஒரு நிறத் துண்டு ஒட்டியிருப்பார்கள். ராத்திரியில் டாஷ்போர்டு பச்சையாகவோ நீலமாகவோ ஒளிர்வது அதனால்தான். பல்பு ஹோல்டர் மறைத்திருந்த இடம், டயல் தகடு உட்காரும் விளிம்பு, இரண்டையும் பாருங்கள். சூடும் தூசியும் படாத அந்த இடங்களில் அசல் நிறம் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும். நீலம் இருந்தால் நீங்கள் ஒரு முடிவுக்கு வர வேண்டும். இழை பல்பின் வெளிச்சத்தில் நீலம் குறைவு, மஞ்சளும் சிவப்பும்தான் அதிகம். நீலச் சுவர் அந்த மஞ்சளையும் சிவப்பையும் விழுங்கிவிடும், எனவே நிறம் அழகாக வரும், வெளிச்சம் குறையும். வெள்ளை அடித்தால் பிரகாசம் கூடும், ஆனால் டயல் வெதுவெதுப்பான மஞ்சளில் ஒளிரும். பக்கத்திலுள்ள மற்ற மீட்டர்களோடு ஒட்டாது. என்னைக் கேட்டால் அசல் நிறத்தையே அடிக்கச் சொல்வேன். இது அறிவியல் இல்லை, என் விருப்பம். ராத்திரி அதிகம் ஓட்டுகிறவர் வெள்ளை அடித்தால் தப்பு என்று சொல்ல மாட்டேன், அடித்தால் எல்லா மீட்டருக்கும் அடியுங்கள்.

இன்னொன்று, மங்கலுக்குப் பெயிண்ட் மட்டுமே காரணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே அதன் ஹோல்டரில் மல்டிமீட்டர் வைத்து வோல்டேஜ் பாருங்கள். இழை பல்பின் வெளிச்சம் வோல்டேஜோடு நேர்விகிதத்தில் குறையாது, அதைவிட வேகமாக விழும். 10 சதவீதம் வோல்டேஜ் குறைந்தால் வெளிச்சத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். டாஷ்போர்டு விளக்கைக் கூட்டிக் குறைக்கும் திருகு சுவிட்சுக்குள் இருக்கிற கம்பிச்சுருள் பச்சை பிடித்திருந்தால் அங்கேயே ஒன்றிரண்டு வோல்ட் தொலையும். பல்பின் கண்ணாடியும் உள்பக்கம் கறுத்திருக்கலாம், இழையின் டங்ஸ்டன் ஆவியாகிப் படிவது அது. புதுப் பல்பு மிகச் சின்ன செலவு. இவ்வளவும் சரியாக இருந்து வெளிச்சம் வரவில்லை என்றால்தான் பெயிண்ட் வேலை முழுப் பலன் தரும்.

சரி, பிரிப்பது. பல ஸ்பீடோமீட்டர்களில் பின்னால் உள்ள இரண்டு திருகுகளைக் கழற்றினால் டயல், முள், இயந்திரம் எல்லாம் ஒரே துண்டாக முன்பக்கமாக வெளியே வந்துவிடும். அதனால் கூட்டுக்கு மட்டும் பெயிண்ட் அடிக்க முள்ளைப் பிடுங்க வேண்டியதே இல்லை. பிடுங்கவும் வேண்டாம். முள்ளுக்குப் பின்னால் மயிரிழை போன்ற சுருள்வில் இருக்கிறது. முள் பூஜ்யத்தில் ஊன்றி நிற்கும்போதே அந்த வில்லில் கொஞ்சம் முறுக்கு ஏற்றியிருப்பார்கள். முள்ளை எடுத்துக் கண்ணளவில் திருப்பி வைத்தால் வேகம் தப்பாகக் காட்டும். இயந்திரத்தை உடனே ஒரு சுத்தமான மூடிய டப்பாவில் வைத்துவிடுங்கள், பெயிண்ட் அடிக்கும் அறையிலேயே இருக்கக் கூடாது. உள்ளே கேபிளால் சுழலும் காந்தமும், அதைச் சுற்றி நூலிழை இடைவெளியில் ஓர் அலுமினியக் கிண்ணமும் இருக்கின்றன. காந்தம் கிண்ணத்தைத் தொடாமலே இழுப்பதால்தான் முள் நகர்கிறது. அந்த இடைவெளியில் ஒரு பெயிண்ட் செதில் போனால் முள் நடுங்கும். இரும்புத் தூள் போனால் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும், எளிதில் வராது. எனவே இந்த வேலை முடியும்வரை இரும்பு நாரை மேசைப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

டயலின் முகத்தில் கை வைக்காதீர்கள். எண்கள் அச்சடித்தவை, அச்சு மை தின்னருக்குக் கரையும்; சில பழைய டயல்களில் ஈரப் பஞ்சு பட்டாலே கறுப்பு கலங்கி வந்துவிடும். மென்மையான காய்ந்த தூரிகையால் தூசி தட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஓடிய தூரத்தைக் காட்டும் எண் சக்கரங்களுக்கும் இதே விதிதான். அடுத்து வெப்பநிலை மீட்டரையும் திறக்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். அதிலிருந்து மெல்லிய செம்புக் குழாய் ஒன்று என்ஜின்வரை போகிறது என்றால் அது ஈதர் அடைத்து மூடிய ஒரே பாகம். அந்தக் குழாயை வெட்டினாலோ மடித்து விரிசல் விட்டாலோ மீட்டர் செத்துப்போகும், ஈதர் தீப்பற்றக்கூடியதும்கூட.

பழைய பெயிண்டை எடுப்பதில் இரண்டு விஷயத்தில் கவனம். அந்தக் காலப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அடியில் உள்ள உலோகப் பூச்சு காட்மியமாக இருக்கலாம், அதன் தூள் நுரையீரலுக்குக் கொடிய விஷம். துத்தநாகப் பூச்சும் காட்மியப் பூச்சும் வெறும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாத அளவுக்கு ஒத்திருக்கும், ஆகையால் காட்மியம் என்றே வைத்துக்கொண்டு நடப்பதுதான் சரி. காய்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது, டிரில்லில் கம்பி பிரஷ் மாட்டவே கூடாது. தானாக உதிர்வதை ஈரமாக்கி மரக்குச்சியால் தள்ளுங்கள், ஈரத்துணியால் துடைத்து எடுங்கள், கையுறையும் முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள். பிடிப்போடு இருக்கிற பழைய பெயிண்டை முழுதாக உரிக்க வேண்டிய அவசியம் இல்லை. அதன்மேலேயே புது வெள்ளை உட்காரும். இங்கே மேடுபள்ளம் யார் கண்ணிலும் படப்போவதில்லை. பெயிண்ட் உதிர்ந்த இடத்தில் துரு இருந்தால் அங்கே மட்டும் துரு நீக்கி, வெற்று உலோகத்துக்கு எட்ச் ப்ரைமர் (உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் அடிப்பூச்சு) ஒரு மெல்லிய கோட் கொடுங்கள். துத்தநாகப் பூச்சின்மேல் ப்ரைமர் இல்லாமல் அடித்த பெயிண்ட் மறுபடி உரியும்.

அடிப்பதற்கு முன்னால் எதையெல்லாம் மறைக்க வேண்டும் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பல மீட்டர்களில் பல்புக்கு எர்த் அந்தக் கூட்டின் வழியாகத்தான் வருகிறது. ஹோல்டர் செருகும் ஓட்டையின் விளிம்பிலும், இயந்திரத்தைப் பிடிக்கும் திருகு உட்காரும் இடத்திலும் பெயிண்ட் ஏறினால், எல்லாம் மாட்டிய பிறகு பல்பே எரியாது. அந்த இடங்களில் டேப் ஒட்டிவிடுங்கள். எச்சரிக்கை விளக்குகளுக்குத் தனிச் சின்னக் குழாய்கள் இருக்கும், ஹை பீம் நீலமும் சார்ஜ் சிவப்பும் மற்ற இடத்துக்குக் கசியாமல் தடுக்க. அவற்றைக் கழற்றியிருந்தால் அதே இடத்தில் இடைவெளி இல்லாமல் மாட்ட வேண்டும். கண்ணாடிக்குக் கீழே வெளியிலிருந்து தெரிகிற உள்வளையம் கறுப்பாக இருந்தால் அதைக் கறுப்பாகவே விடுங்கள். அதையும் வெள்ளையாக்கினால் வெளிச்சம் கூடும் என்று தோன்றும். நடப்பது என்னவென்றால் பகலில் அந்த வெள்ளை கண்ணாடியில் பிரதிபலித்து எண்களை மறைக்கும்.

அடிப்பது எளிது. தடிப்பாக ஒரே கோட் வேண்டாம், மெல்லிசாக இரண்டு அல்லது மூன்று, அடியிலுள்ள உலோகம் தெரியாத அளவுக்கு. ஸ்ப்ரே இல்லையென்றால் தூரிகையால் அடித்தாலும் குறை ஒன்றும் இல்லை, தூரிகைத் தடம் வெளிச்சத்தைப் பாதிக்காது. டயலின் முதுகு மட்டும்தான் தர்மசங்கடம், ஏனென்றால் அது இயந்திரத்தோடு சேர்ந்திருக்கிறது. அங்கே பெயிண்ட் நன்றாகப் பிடித்திருந்தால் விட்டுவிடுங்கள். உதிர்ந்தே தீரும் என்றிருந்தால், தளர்ந்த செதிலை மட்டும் எடுத்துவிட்டு, நீரில் கரையும் அக்ரிலிக் வெள்ளையைச் சின்னத் தூரிகையால் தொட்டுத் தொட்டு வையுங்கள். அங்கே ஸ்ப்ரே கேனை நீட்டவே கூடாது.

எல்இடி போடலாமா என்பதையும் போகிற போக்கில் கேட்டிருந்தீர்கள். போடலாம், ஆனால் பல எல்இடிகள் ஒளியை முன்னோக்கி மட்டும் வீசும், சுவர் முழுக்கப் பரவ விடாது. எல்லாப் பக்கமும் ஒளி விடுகிற வகையாகப் பார்த்து எடுங்கள். பழைய திருகு சுவிட்சால் அதை ஒழுங்காகக் குறைக்க முடியாது. முக்கியமாக, ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் சார்ஜ் எச்சரிக்கை பல்பை மட்டும் மாற்றாதீர்கள். ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்ளத் தேவையான தொடக்க மின்சாரம் பல வண்டிகளில் அந்தப் பல்பு வழியாகத்தான் போகிறது.

அடித்து முடித்ததும் அவசரப்பட்டு மூடிவிடாதீர்கள். தொட்டால் காய்ந்திருக்கும், ஆனால் உள்ளே கரைப்பான் மிச்சம் இருக்கும். மூடிய கூட்டில் பல்பு சூடேறும்போது அது ஆவியாகிக் கண்ணாடியின் உள்பக்கம் பனி மாதிரிப் படியும், துடைக்க மறுபடி பிரிக்க வேண்டும். நான் குறைந்தது ஒரு வாரம் திறந்தே வைப்பேன், முகர்ந்து பார்த்தால் வாசனை துளியும் இருக்கக் கூடாது. அதற்குள் கண்ணாடியைச் சோப்பு நீரில் கழுவி, இறுகிப்போன ரப்பர் வளையத்துக்குப் புதிது தேடிக்கொள்ளலாம். வளையம் கிடைக்கவில்லை என்று சிலிகோன் பசை வைத்து அடைக்காதீர்கள்; காயும்போது புளித்த காடி வாசனை அடிக்கும் ரகம் அசிட்டிக் அமிலத்தை விடுகிறது, மூடிய கூட்டுக்குள் அது மெல்லிய உலோகப் பாகங்களை அரித்துவிடும்.

மாட்டுவதற்கு முன்னால் டப்பாவிலுள்ள இயந்திரத்தைக் கூட்டில் வைத்து, பேட்டரியிலிருந்து இரண்டு வயர் இழுத்து, இருட்டறையில் பல்பை எரியவிட்டுப் பாருங்கள். ஃபோன் கேமராவின் எக்ஸ்போஷரை நிலையாகப் பூட்டிவிட்டு, இன்னும் பெயிண்ட் அடிக்காத வேறு மீட்டரையும் பக்கத்தில் வைத்து அதே வோல்டேஜில் படம் எடுத்தால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். ஏதாவது ஓர் எண் மட்டும் இருட்டாக இருந்தால் டயல் ஒரு பக்கம் ஒதுங்கி உட்கார்ந்து, விளிம்பின் இடைவெளியை அடைத்துக்கொண்டிருக்கும். திருகுகளைத் தளர்த்தி, டயலை நடுவில் நிறுத்தி, மறுபடி இறுக்குங்கள்.